சூப்பர்மேன் 4 படத்துக்கு வக்காலத்து வாங்கணும், யாராச்சும் முட்டுக் கொடுங்க

மீனாட்சிபுரத்தாள் கேட்டது:

மதுரையில நாங்க ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, நண்பர் ஒருத்தரோட மொட்டைமாடியில வேட்டியைத் திரையாக் கட்டிப் படம் பார்ப்போம். படம் முடிஞ்சதும் சண்டை. உண்மையைச் சொன்னா சண்டைக்காகத்தான் வர்றதே.

அடுத்த மாசத்துக்கு ஒரு போட்டி வச்சிருக்கோம். ஊரே கழுவி ஊத்தின சூப்பர்ஹீரோ படங்களைச் சீட்டுல எழுதிக் குலுக்கி ஆளுக்கு ஒண்ணு எடுத்தாச்சு. எடுத்த படத்துக்குப் பத்து நிமிஷம் வக்காலத்து வாங்கணும், ரெண்டு காட்சி போட்டுக் காட்டலாம். எனக்கு வந்தது 1987ல வந்த சூப்பர்மேன் 4. கிறிஸ்டோபர் ரீவ் நடிச்ச கடைசி சூப்பர்மேன். நல்லா இருக்கிறதுல ஏதாவது ஒண்ணு வரும்னு நம்பித்தான் கையை விட்டேன்.

விதி ரெண்டே ரெண்டு. "இவ்வளவு மட்டமா இருக்கே, அதுதான் ஜாலி"ங்கிற வாதம் செல்லாது. அதோட, பாவம் பார்க்கச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது. அதாவது "பாவம், காசில்லாம எடுத்தாங்க", "ரீவ் பின்னாடி அவ்வளவு கஷ்டப்பட்டார்"னு கண்ணைக் கசக்குறது எல்லாம் கிடையாது. திரையில இருக்கிறதை வச்சுத்தான் பேசணும்.

தம்பியோட உட்கார்ந்து பார்த்துட்டேன். அவன் முதல் அரைமணி நேரத்துல சிரிச்சுக் களைச்சுத் தூங்கிட்டான். எனக்கு ஒரே ஒரு இடம் பிடிச்சது. கிளார்க் (சாதா ஆளா, பத்திரிகை நிருபரா இருக்கும்போது சூப்பர்மேனோட பேர்) தான் வளர்ந்த ஸ்மால்வில்லுக்குப் போய், அப்பா அம்மா காலமான பிறகு ஆளில்லாமக் கிடக்குற பண்ணையை விக்க மறுக்குறான். வாங்க வந்தவன் அங்க கடைத்தெரு மாதிரி ஒரு மால் கட்டப் போறான். கிளார்க்குக்கு விவசாயம் பண்ற ஆள்தான் வேணும். அதுல ரீவ் பேசாம நிக்கிற நிலை என்னவோ பண்ணிச்சு. ஆனா ஒரு காட்சியை வச்சுப் பத்து நிமிஷம் ஓட்ட முடியாதே. வேற என்ன இருக்கு?

---

சோடாபுட்டி_89 எழுதியது:

என்ன இருக்கா? நிலாவுல கறுப்புத் திரைச்சீலை இருக்கு. அந்தச் சண்டையில பின்னாடி பாருங்க, விண்வெளியில மடிப்பு விழுந்திருக்கும். கிளார்க் வேலை பார்க்குற பத்திரிகையை வாங்கின முதலாளியோட மகள் லேசி விண்வெளிக்குப் போய் மூச்சு விட்டுட்டுத் திரும்பி வர்றா, ஜலதோஷம் கூடப் பிடிக்கலை. சீனப் பெருஞ்சுவர்ல ஓட்டை விழுந்தா நம்மாளு முறைச்சுப் பார்க்குறார், செங்கல் தானா அடுக்கிக்குது. கொத்தனார் வேலைக்கே ஆபத்து. வில்லன் நியூக்ளியர் மேனுக்கு நகம்தான் ஆயுதம், வெயில் இல்லைன்னா சுருண்டு விழுந்துடுவான். சூப்பர்மேனோட ஒரு தலைமயிர்ல இருந்து அவனைத் தயார் பண்ணுறாங்க.

அக்கா, பேசாம அந்தச் சீட்டைத் தொலைச்சிடுங்க.

---

ரோட்டோ_ராத்திரி எழுதியது:

நான் வடபழனி பக்கம் ஒரு விஎஃப்எக்ஸ் கம்பெனியில இருக்கேன். ரோட்டோவுல, அதாவது ஆளோட ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமா வரைஞ்சு பிரிக்கிற வேலையில ஆரம்பிச்சு, ஹீரோ இடுப்புல கட்டின கம்பியை அழிச்சு, இப்ப காம்பாசிட்டிங், அதாவது தனித்தனியா எடுத்ததை ஒரே ஷாட்டா ஒட்டுறது பண்றேன். மத்தவங்க சிரிக்கிற இடத்துல நான் சிரிக்கிறது கம்மி. "இதை எத்தனை நாள்ல கேட்டிருப்பாங்க"ன்னுதான் தோணும். அதனால சோடாபுட்டி சொன்ன எல்லாத்தையும் ஒத்துக்கிட்டே ஆரம்பிக்கிறேன். மடிப்பு இருக்கு. எனக்கும் தெரிஞ்சது.

காசு கதையை ரெண்டு வரியில முடிச்சிடுறேன், ஏன்னா அதை நீங்க மேடையில சொல்லக் கூடாது. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கேனன்னு ஒரு கம்பெனி, கோலன்–குளோபஸ் ரெண்டு பேரும் நடத்தினது. ஒரே நேரத்துல ஏகப்பட்ட படத்துல கையை வச்சு மாட்டிக்கிட்டாங்க. 3.6 கோடி டாலர்ல எடுக்க வேண்டிய படத்தை, 1.7 கோடிக்கு இறக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அதனாலதான் நியூயார்க்குல இருக்கிற ஐ.நா. சபை வாசல், இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ் ரயில் நிலையத்து முற்றமா மாறிச்சு. ரீவ் தன்னோட வாழ்க்கைக் கதையில இதை நல்லாவே புலம்பியிருக்கார்: 42வது தெருவுல நூத்துக்கணக்கான ஜனம் வேடிக்கை பார்க்க நடக்க வேண்டிய காட்சி, மழை நேரத்துல ஒரு தொழிற்பேட்டையில நூறு பேரையும் கொஞ்சம் புறாவையும் வச்சு எடுக்கப்பட்டுதாம்.

இப்ப என் தொழில் பக்கம் வர்றேன். 1978ல வந்த முதல் படத்துல அவர் பறக்குறதைப் பார்த்து இன்னிக்கும் நான் அசந்து போறேன். அப்ப ப்ளூ ஸ்க்ரீன்தான்: ஆளை நீலத் திரை முன்னாடி எடுத்து, அந்த நீலத்துக்குப் பதிலா வேற பின்னணி ஒட்டுறது. அவரோட டிரஸ்ஸும் நீலம். பின்னணி நீலத்தை எடுத்தா ஆளோட நெஞ்சும் சேர்ந்து காணாமப் போகும். அதனால அந்த ஷாட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் பச்சை கலந்த நீலத்துல ஒரு டிரஸ் போட்டு எடுத்து, பின்னாடி கலரைச் சரி பண்ணினாங்க. இன்னொரு வழியும் இருந்துச்சு. ஜோரான் பெரிசிச்னு ஒருத்தர், கேமரா ஜூமையும், பின்னணியைத் திரையில காட்டுற ப்ரொஜெக்டரோட ஜூமையும் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து ஓட விட்டார். பின்னணி அளவு மாறாது, ஆள் மட்டும் கிட்ட வர்ற மாதிரியும் விலகிப் போற மாதிரியும் இருக்கும். அந்த எஃபெக்ட்ஸ் குழுவுக்கு ஆஸ்கர் தனி விருது கொடுத்தாங்க.

நாலாவது படத்துல என்ன ஆச்சுன்னா, கையை நீட்டிக்கிட்டு கேமராவைப் பார்த்து வர்ற ஒரே ஷாட்டை எடுத்து, பின்னணியை மட்டும் மாத்தி மாத்திப் படம் பூரா ஒட்டியிருக்காங்க. ஒரு தடவை நகரம், ஒரு தடவை விண்வெளி. முகத்துல அதே சிரிப்பு. ஆளைச் சுத்தி மேட் லைன், அதாவது ஒட்டின இடத்தோட ஓரக்கோடு, கருப்பா ஓடும். அந்த ஷாட் மூணாவது தடவை வந்தப்பவே நான் கும்பிட்டுட்டேன்.

ஆனா இங்கதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. இந்தப் படத்துல எஃபெக்ட்ஸ் ஷாட்டை எல்லாம் மனசுக்குள்ள வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்க. காசே தேவைப்படாத காட்சி எல்லாம் நல்லா இருக்கு. சுமாரா இல்லை, நல்லாவே இருக்கு. நீங்க சொன்ன பண்ணைக் காட்சி அதுல ஒண்ணு. அதுக்கு ஒரு வீடும் ஒரு வேலியும் போதும்.

ரெண்டாவது, ஜிம் காட்சி. கிளார்க்கை லேசி உடற்பயிற்சிக்கு இழுத்துட்டுப் போறா. அங்க ஒரு பயிற்சியாளன் இவனை மட்டம் தட்டுறான். உலகத்தையே தூக்குற ஆள், வெயிட்டைத் தூக்க முடியாத மாதிரி திணறணும். இதை எந்த நடிகரும் பண்ணுவார். கை நடுங்கினா போதும், ஜனம் சிரிக்கும். ரீவ் கையை நடுங்க விடலை. முழங்காலைத்தான் தளர்த்துறார். பலவீனமான ஆள் எடை தூக்கும்போது முதல்ல விட்டுக் கொடுக்குறது முழங்கால். இதை நான் ஏன் கவனிச்சேன்னா, என் வேலையே உடம்போட ஓரத்தை நாள் முழுக்க உத்துப் பார்க்குறது. நடிகனோட தோள் எங்க இருக்கு, கழுத்து எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியாம ரோட்டோ போட முடியாது.

மூணாவது, அதாவது உங்க துருப்புச் சீட்டு: ரெட்டை விருந்து. லேசிக்குக் கிளார்க் மேல கண்ணு. கிளார்க்கோட வேலை பார்க்குற நிருபர் லோயிஸுக்குச் சூப்பர்மேனைப் பேட்டி எடுக்கணும். நாலு பேரும் ஒரே வீட்டுல சந்திக்கிறதா ஏற்பாடு. நாலு பேர்ல ரெண்டு பேர் ஒரே ஆள். ஒரு கதவு வழியா கிளார்க் போவான், இன்னொரு பக்கத்துல இருந்து சூப்பர்மேன் வருவார். அந்தக் காலத்து மேடை நாடகத்துல இரட்டை வேஷக்காரர் சீலைக்குப் பின்னாடி ஓடி ஓடி வேஷம் மாத்துற அதே சங்கதி. இதுக்கு எந்த எஃபெக்ட்டும் வேண்டாம், ரீவ் போதும். ரெண்டு பேருக்கும் உயரமே வேற. கிளார்க்கா இருக்கும்போது முதுகெலும்பைச் சுருக்கி, தாடையை உள்ள இழுத்து ஒரு மூணு அங்குலம் குறைஞ்சிடுவார். கண்ணாடி மட்டும்தானே வித்தியாசம், லோயிஸுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேக்குறவங்க இந்தக் காட்சியைப் பார்க்கணும். எனக்கே தெரியாது போலிருக்கு.

நாலாவது, லோயிஸ் கிளார்க்கோட ஃப்ளாட்டுக்கு வர்ற காட்சி. நியூக்ளியர் மேன் கீறினதுல கதிர்வீச்சு ஏறி கிளார்க் காய்ச்சலா கிடக்கான். சூப்பர்மேனைப் பத்திச் சொல்ற மாதிரி, தான் எவ்வளவு நேசிக்கிறேன்னு அவன்கிட்டயே சொல்றா. தெரிஞ்சு சொல்றாளா தெரியாமச் சொல்றாளான்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. லோயிஸா நடிச்ச மார்கட் கிட்டர் அதை ரெண்டுக்கும் நடுவுல கொண்டுபோய் நிறுத்துறாங்க. இந்தக் காலத்து நூறு கோடி டாலர் படத்துல இந்தக் காட்சிக்கு நடுவுல யாராவது ஒரு ஜோக் அடிச்சிருப்பான்.

இவ்வளவும் ஒரே படத்துல இருக்கு. ஆனா நடுநடுவுல மேட் லைன் வந்து கெடுத்துடுது.

---

பழைய_ப்ரூஃப் எழுதியது:

ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். பறப்பது, நிலா, நகம் இவை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் படத்தில் பத்திரிகை அலுவலகம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கிளார்க்கும் லோயிஸும் வேலை பார்க்கும் டெய்லி பிளானட் பத்திரிகையை வார்ஃபீல்ட் என்ற பெருமுதலாளி வாங்கிவிடுகிறார். முதல் காரியம், மகள் லேசியை ஆசிரியர் குழுவில் உட்கார வைப்பது. இரண்டாவது, தலைப்புகளைக் கூச்சலாக்குவது. அணு ஆயுதங்களை ஒழிக்கச் சொல்லி ஜெரமி என்ற பள்ளிச் சிறுவன் சூப்பர்மேனுக்குக் கடிதம் எழுதுகிறான். சூப்பர்மேன் உடனே தலையாட்டவில்லை. அவர் பிறந்த கிரகமான கிரிப்டனின் முன்னோர் குரல்கள் தலையிடாதே என்கின்றன, அவர் தயங்குகிறார். மறுநாள் முதல் பக்கத்தில் வார்ஃபீல்டின் தலைப்பு: சிறுவனைச் செத்துத் தொலை என்றாராம் சூப்பர்மேன்.

இது திரைக்கதை எழுதியவர்கள் சும்மா கற்பனை செய்ததல்ல. 1975 அக்டோபரில் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலையில் இருந்தபோது அதிபர் ஃபோர்டு உதவ மறுத்தார். அவர் அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை. ஆனால் "நகரத்தைச் செத்துத் தொலை என்றார் ஃபோர்டு" என்று நியூயார்க் டெய்லி நியூஸ் முதல் பக்கத்தில் போட்டது. அதே வாய்பாடுதான் இங்கே. இன்னொரு வேடிக்கை: 1978 படத்தில் டெய்லி பிளானட் கட்டடமாகக் காட்டியது, 42வது தெருவில் இருக்கும் அதே டெய்லி நியூஸ் கட்டடத்தைத்தான்.

கவனியுங்கள், அந்தத் தலைப்பில் நேரடிப் பொய் ஒன்றும் இல்லை என்று வாதாடிவிடலாம். மறுப்பு வந்தால் உள்பக்கத்தில் நாலு வரி போட்டுவிடலாம். ஒரு மனிதன் யோசிக்கிறான் என்பதைச் செய்தியாக்க முடியாது. மறுத்துவிட்டான் என்றால் பிரதி விற்கும். இந்த வித்தையை நான் மேசையில் உட்கார்ந்து பார்த்தவன். சூப்பர்மேன் ஐ.நா. சபைக்குப் போவதற்கு அந்தக் கடிதம் பாதிக் காரணம் என்றால், மறு பாதி இந்தத் தலைப்பு. பொய்த் தலைப்பின் அழுத்தத்தில் ஒரு நல்லவன் அவசர முடிவு எடுக்கிறான். சூப்பர்ஹீரோ படம் ஒன்றில் இதைவிடக் கூர்மையான பத்திரிகை விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை.

படம் இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் உருவான அதே காலத்தில்தான் லண்டனில் வாப்பிங் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பத்திரிகைப் பெருமுதலாளி ரூபர்ட் மர்டாக்கின் பத்திரிகைகளில் ஆயிரக்கணக்கான அச்சுத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். வார்ஃபீல்ட் யாரைப் பார்த்து வரையப்பட்டவர் என்று நான் சாதிக்க வரவில்லை. அந்த வருடங்களில் படம் பார்த்தவருக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

வார்ஃபீல்டாக நடித்த சாம் வானமேக்கர், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாட்களில் கறுப்புப் பட்டியலில் சிக்கி இங்கிலாந்தில் தங்கிவிட்டவர். ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்தை லண்டனில் மறுபடி கட்ட வேண்டும் என்று இருபது வருடத்துக்கு மேல் அலைந்தவரும் அவர்தான். கட்டி முடிவதைப் பார்க்காமல் 1993இல் போய்விட்டார். அப்படிப்பட்டவர் இந்த முதலாளியாக எவ்வளவு சுவைத்து நடிக்கிறார் என்று பாருங்கள்.

குறை ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடைசியில் டெய்லி பிளானட் ஆசிரியர் பெர்ரி ஒயிட் எங்கேயோ கடன் வாங்கிப் பங்குகளைப் பிடித்துப் பத்திரிகையை மீட்டுவிடுவதாக ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடைமுறையில் அப்படி மீண்ட பத்திரிகை ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

---

சோடாபுட்டி_89 எழுதியது:

ரெண்டு பெரியவங்களும் நல்லாத்தான் முட்டுக் கொடுக்குறீங்க. ஆனா ஒண்ணு. ரோட்டோ அண்ணன் சொன்ன நாலு காட்சியும் ரீவ்வுக்கு வாங்குற வக்காலத்து. படத்துக்கு இல்லை. மோசமான படத்துல நல்ல நடிகர் இருந்தா, அது நல்ல நடிகர் மாட்டிக்கிட்ட மோசமான படம். அவ்வளவுதான்.

படத்தோட கதைக்கு வாங்க. ஒருத்தர் ஐ.நா.வுக்குப் போய், இனிமே அணு ஆயுதத்தை எல்லாம் நான் அழிக்கப் போறேன்னு சொல்றார். யார்கிட்டயும் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லா நாட்டுக்காரனும் எழுந்து கை தட்டுறான். அப்புறம் ஏவுகணையை எல்லாம் ஒரு பெரிய வலையில மீன் மாதிரி அள்ளிச் சூரியன்ல வீசிடுறார். இதை எந்தக் கிறுக்கன் நம்புவான்? நல்ல எண்ணம் இருந்தா மட்டும் படம் நல்லாயிடுமா?

---

ரோட்டோ_ராத்திரி எழுதியது:

தம்பி, முதல் கேள்வி நியாயம். ரீவ்வைப் படத்துல இருந்து பிரிக்க முடியாதுங்கிறதுதான் என் பதில். கதை மூணு பேர் பேர்ல வருது. அதுல ஒரு பேர் அவரோடது. அணு ஆயுத ஒழிப்பைக் கதையா வைக்கணும்னு அடம் பிடிச்சவரும் அவர்தான். இந்தப் படத்துல நடிக்க ஒத்துக்கிட்டதுக்குப் பதிலாக் கேனன் கம்பெனி அவருக்குப் பிடிச்ச இன்னொரு சின்னப் படத்தை எடுத்துக் கொடுத்துச்சு. ஸ்ட்ரீட் ஸ்மார்ட். அதுல ரீவ் ஒரு பொய்க் கட்டுரை எழுதுற பத்திரிகைக்காரர், பழைய ப்ரூஃப் சார் பார்க்கணும். மார்கன் ஃப்ரீமேனுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை வாங்கிக் கொடுத்த படம் அது. சூப்பர்மேன் 4 பண்ணின மறைமுக நன்மை. ஆனா மேடையில சொல்லாதீங்க, "திரையில இருக்கிறதை மட்டும்"னு விதி இருக்கே.

ரெண்டாவது கேள்விதான் எனக்குப் பிடிச்சிருக்கு. யார்கிட்டயும் கேட்காம எடுத்த முடிவுன்னு சொன்னீங்கல்ல? படமும் அதையேதான் சொல்லுது. நியூக்ளியர் மேனை உண்டாக்கின வில்லன் லெக்ஸ் லூதர் பக்கத்துக் கதையைத் திரும்பப் பாருங்க. ஆயுத வியாபாரிகள் மூணு பேரைக் கூட்டி வச்சுப் பேசுறான். சூப்பர்மேன் எல்லாத்தையும் அழிச்சுட்டா, எல்லா நாடும் காலி அலமாரியோட நிக்கும். அவரைத் தீர்த்துட்டா மறுபடியும் எல்லாருக்கும் முதல்ல இருந்து விக்கலாம். ஆயுதத்தை அழிச்சாலும் வாங்குற ஆசை அழியலை, அதுல காசு பார்க்கலாம்னு ஒரு வில்லன் கணக்குப் போடுறான். 1987ல குழந்தைகள் பார்க்குற படத்துல! லூதரா நடிச்ச ஜீன் ஹேக்மன் அதை எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டுப் போறார்னா, கவனிக்காம விட்டுடுவோம். நியூக்ளியர் மேனுக்கும் குரல் ஹேக்மனோடதுதான். தான் உண்டாக்கின ஆயுதம் தன் குரல்லயே பேசுது. செலவில்லாம வந்த நல்ல யோசனை, இதுவும்.

அப்புறம் கடைசிப் பேச்சு. எல்லாம் முடிஞ்ச பிறகு சூப்பர்மேன் ஜனங்க முன்னாடி நின்னு, போர் இல்லாத உலகத்தை உங்களுக்குப் பரிசாக் கொடுக்கலாம்னு நெனைச்சேன், அது தப்பு, அது நான் கொடுக்கிற பொருள் இல்லைன்னு ஒத்துக்குறார். ஜனங்க ரொம்ப ஆசைப்பட்டு, அரசாங்கங்களுக்கு வேற வழியே இல்லாமப் போகும்போதுதான் சமாதானம் வரும்னு சொல்றார். வில்லனை ஜெயிச்சிட்டார், ஆனா தன்னோட திட்டம் தோத்துப் போச்சுன்னு ஹீரோவே சொல்லி முடியுற சூப்பர்ஹீரோ படம் வேற எது? இன்னிக்கு இருக்கிற படங்கள்ல ஹீரோ தோத்தா அடுத்த பாகத்துக்காகத்தான் தோப்பான்.

காலத்தையும் பார்த்துக்கோங்க. 1986 ஏப்ரல்ல செர்னோபில் அணு உலை விபத்து. அதே வருஷம் அக்டோபர்ல ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யாவிக்குல அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் உட்கார்ந்து, அணு ஆயுதத்தைக் குறைக்கக் கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டு, கடைசியில கையெழுத்துப் போடாம எழுந்து போனாங்க. படம் வந்தது 1987 ஜூலை. நடுத்தரத் தூர ஏவுகணைகளை அழிக்கிற ஒப்பந்தம் அந்த வருஷம் டிசம்பர்ல கையெழுத்தாச்சு. படத்தால ஆச்சுன்னு சொல்ல நான் அவ்வளவு பெரிய ரசிகன் இல்லை. ஆனா ஜெரமியோட கடிதத்தை இன்னிக்கு நாம அசட்டுத்தனம்னு சிரிக்கிறோம். அன்னிக்கு அந்த வயசுப் பசங்களுக்கு அது ராத்திரி பயம். படத்தோட முதல் காட்சியில சோவியத் விண்வெளி வீரர்களைக் காப்பாத்திட்டு அவங்க பாஷையிலயே பேசுறாரே, அதை 1987 அமெரிக்கத் தியேட்டர்ல வச்சுப் பாருங்க.

---

சோடாபுட்டி_89 எழுதியது:

லூதர் விஷயம் நான் கவனிக்கலை, சரி. அந்த ஒரு பாயிண்ட் உங்களுக்கு. ஆனா ஜெரமி என்ன ஆனான்? ஐ.நா.வுக்கு அப்புறம் பையன் ஒப்புக்கு வந்துட்டுப் போறான். லேசி திருந்தினது எப்போ, எதனால? எல்லாமே பாதியில நிக்குது.

---

ரோட்டோ_ராத்திரி எழுதியது:

அதுக்குக் காரணம் கத்திரி. முதல்ல 134 நிமிஷம் இருந்த படத்தை, சோதனைக் காட்சி சரியாப் போகலைன்னு 90 நிமிஷமாக்கிட்டாங்க. முதல்ல ஒரு நியூக்ளியர் மேன் வந்து தோத்துப் போவான், அவனையே மொத்தமாத் தூக்கிட்டாங்க. நாம பார்க்குறது ரெண்டாமவன். வெட்டின காட்சிகள்ல கொஞ்சம் 2006ல வந்த டிவிடியில இருக்கு.

---

சோடாபுட்டி_89 எழுதியது:

வெட்டிப் போட்டதுக்கு ஓட்டுப் போட முடியாது அண்ணே. திரையில இருக்கிறது மட்டும்னு அக்கா சொல்லிட்டாங்க.

---

மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

சோடாபுட்டி தம்பி எங்க மாடிக்கு நடுவரா வரலாம் போலிருக்கே.

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை பறக்குற இடத்தை எல்லாம் ஓட்டி விட்டுட்டு. ரெட்டை விருந்தும் கடைசிப் பேச்சும்தான் போடப் போறேன். பழைய ப்ரூஃப் ஐயா சொன்ன தலைப்பு விஷயத்தைப் பேச்சுல வைக்கிறேன், அது எங்க கூட்டத்துல ரெண்டு பேருக்குச் சுரீர்னு இருக்கும்.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, தேடும்போது இன்னொண்ணு கண்ணுல பட்டது. அதே 1987 நவம்பர் கடைசியில ரீவ் சிலிக்குப் போயிருக்கார். அங்க பினோசேங்கிற ராணுவ சர்வாதிகாரியோட ஆட்சி. 77 நாடகக் கலைஞர்களுக்குக் கொலை மிரட்டல். எழுத்தாளர் ஏரியல் டார்ஃப்மன் கேட்டுக்கிட்டதால, சாந்தியாகோவுல அவங்களுக்கு ஆதரவா மேடையில போய் நின்னிருக்கார். இதைச் சொல்லலாமா, இல்லை பாவம் பார்க்கச் சொல்ற கணக்குல வந்துடுமா? ரெண்டு, ரெட்டை விருந்துக் காட்சியில வசனம் கொஞ்சம் சப்புன்னு இருக்கு. வசனம் கேட்டா சிரிச்சுடுவாங்களோன்னு பயம்.

---

பழைய_ப்ரூஃப் எழுதியது:

சிலியைச் சொல்லாதீர்கள். உண்மையான வீரச் செயலைப் பக்கத்தில் வைத்தால் படம் இன்னும் சின்னதாகத் தெரியும். யாராவது "அவர் இதையெல்லாம் நிஜமாக நம்பினாரா?" என்று கேட்டால், அப்போது எடுங்கள். பதிலாக வரும்போது அதற்கு வலு அதிகம்.

---

ரோட்டோ_ராத்திரி எழுதியது:

சார் சொன்னதுதான் சரி. வசனத்துக்கு ஒரு வழி சொல்றேன்: ரெட்டை விருந்தைச் சத்தத்தை அணைச்சுட்டுப் போடுங்க. மூணு நிமிஷம் போதும். போடுறதுக்கு முன்னாடி "கண்ணாடியைப் பார்க்காதீங்க, டிரஸ்ஸைப் பார்க்காதீங்க, கழுத்தையும் தோளையும் மட்டும் பாருங்க"ன்னு சொல்லிடுங்க. எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு ஷாட் பார்க்கக் கத்துக்கொடுக்குறதும் இப்படித்தான். லூதர் சூப்பர்மேனுக்கு மட்டும் கேக்குற சத்தத்தை அனுப்பி அந்த விருந்தைக் கலைப்பான். அந்த இடத்துல மட்டும் சத்தத்தைத் திறந்தா, ரீவ் தலை திரும்புற விதம் நல்லாப் பிடிபடும். அப்புறம் கடைசிப் பேச்சை முழுச் சத்தத்தோட போடுங்க.

வேட்டித் திரைன்னா நாலு மூலையும் இழுத்துக் கட்டுங்க. மடிப்பு விழுந்தா சோடாபுட்டி மாதிரி ஆளுங்க விட மாட்டாங்க.

---

மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

இந்தப் போட்டிக்குன்னே பெரிய ஸ்பீக்கரா ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிருந்தேன், முக்கால்வாசி நேரம் அணைச்சே வைக்கணுமாக்கும்! சரி, அப்படியே பண்றேன். எனக்கு அடுத்துப் பேசுறவனுக்கு வந்திருக்கிறது கேட்வுமன். அவனும் இங்க கேள்வியோட வருவான், கொஞ்சம் விட்டுப் பிடிங்க.